பாட்டியின் கோலமும் பல்கலைக்கழகச் சுவரும்

சுவரொட்டி என்றதும் தமிழர் மனத்தில் தோன்றுவன இரண்டு: ஒன்று திரைப்படம், மற்றொன்று தேர்தல். ஆனால் இன்றைய பல்கலைக்கழகங்களில் மூன்றாவது வகை ஒன்று நிலைபெற்றுவிட்டது. ஆராய்ச்சி செய்தவர் தம் ஆய்வின் சாரத்தை ஒரே தாளில் எழுதியும் வரைந்தும் சுவரில் மாட்டி, அதன் அருகிலேயே நின்று, வருவோர் போவோர் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறுகின்றார். மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. 1969-ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் கூடிய ஐரோப்பிய உயிர்வேதியியலார் மாநாட்டில் இம்முறை தொடங்கியதாகவும், 1974-இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் நடந்த மாநாட்டின் வழியாக அந்நாட்டிலும் பரவியதாகவும் கூறுவர். கட்டுரை படிக்க விரும்புவோர் பெருகி, மேடையில் நேரம் போதாமற்போனதே இதற்குக் காரணம். இப்பொழுது இவ்வழக்கம் மாநாட்டிலிருந்து வகுப்பறைக்கும் இறங்கிவிட்டது. பருவத் தேர்வோடு ஒரு சுவரொட்டியும் மாணவர் தலையில் விழுகிறது.

அப்படி ஒரு சுவரொட்டி எங்கள் வீட்டுக்கும் வந்தது. 2023-ஆம் ஆண்டு தைப் பொங்கல் கழிந்த வாரம், தில்லியின் குளிர் எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்த வேளையில், முதுகலைக் கணிதம் பயின்ற எங்கள் மகள், ஏப்ரல் மாதத்தில் தான் ஒரு போஸ்டர் வைக்கவேண்டும் என்று அறிவித்தாள். "எந்தப் படத்துக்கு?" என்று கேட்டார் எங்களுடன் வாழும் பாட்டி. நாங்கள் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை. பாட்டிக்கு அதைத் தமிழில் எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் எங்கள் குடும்ப நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். இம்மலரைக் கையில் எடுக்கும் அன்பர் பலரின் வீட்டு நிலையும் அதுவாகவே இருக்கலாம். நாங்கள் தில்லிக்கு வந்தது 1991-இல். மகள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேயே. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம். அவள் இந்தியில் விடை சொல்வாள். பாட்டியோ கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர். "சாப்பிட்டாயா", "தூங்கினாயா", "பத்திரமாகப் போய் வா" என்னும் மூன்று வாக்கியங்களுக்குள் பேத்தியுடன் அவருக்கு இருந்த உரையாடல் அடங்கிவிட்டது. அன்புக்குக் குறைவில்லை, பேசுவதற்குத்தான் பொருள் இல்லை.

மகளின் பாடம் கோட்டுருவியல். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதத் துறை அது. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒருமுறைக்கு மேல் மிதிக்காமல் கடக்க இயலுமா என்ற புதிருக்கு 1736-இல் ஆய்லர் கண்ட விடையிலிருந்து தொடங்குவது. அவ்வாறான பாடத்துக்குத் தலைப்புத் தேடியவள் நூலகத்தில் ஒரு செய்தியைக் கண்டாள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1974-இல் கோலத்தைக் கணிப்பொறி இலக்கண விதிகளால் விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தனர். 2002-இல் மார்சியா ஆஷர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் கோல மரபைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். படித்துவிட்டு வந்த அன்றிரவு எங்கள் மகள் பாட்டியின் கட்டிலருகில் அமர்ந்து, திக்கித் திக்கித் தமிழில் கேட்ட கேள்வி இது: "பாட்டி, எத்தனை புள்ளி வெச்சா ஒரே கோட்டுல முடியும்?"

பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் மாடிக் குடியிருப்புக்கு நாங்கள் மாறிய பின் அவர் கோலம் போடுவதை நிறுத்தியிருந்தார். வாசல் என்று சொல்ல இங்கே இருப்பது நான்கு வீட்டுக்கும் பொதுவான மாடிப்படித் திட்டு ஒன்றே. அதில் அரிசி மாவு தூவினால் அடுத்த வீட்டார் குழந்தையின் மிதிவண்டி அதன்மேல் ஏறும். ஆதலால் கடையில் வாங்கிய ஒட்டுக் கோலம் ஒன்று எங்கள் கதவடியில் ஆண்டு முழுவதும் ஒட்டிக்கிடந்தது. அந்தப் பாட்டி அன்றிரவு செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் புள்ளி வைக்கத் தொடங்கினார்.

கம்பிக் கோலம், சிக்குக் கோலம் என்றெல்லாம் வழங்கும் வகையைப் பற்றியதே மகளின் கேள்வி. புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே தன்னைத் தானே வெட்டிச் செல்லும் இழை அது. தொடங்கிய இடத்தில் வந்து முடியும். ஆனால் எல்லாக் கோலமும் ஒரே இழையில் முடிவதில்லை. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி என நேர்ப்புள்ளி வைத்து இழுத்தால், பதினைந்து புள்ளிகளையும் சுற்றி, இருபத்திரண்டு இடங்களில் வெட்டி, ஒரே இழையாக முடிகிறது. நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு என்றால் இரண்டு இழை. நான்குக்கு நான்கு என்று சதுரமாக வைத்தால் நான்கு தனித்தனி இழை. பாட்டி இவற்றை எண்ணிப் பார்க்காமலே சொன்னார். மகள் குறித்துக்கொண்டாள்.

காரணம் கணித நூலில் இருந்தது. வரிசைகளின் எண்ணிக்கை, ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழைகள் அக்கோலத்தில் இருக்கும். மூன்றுக்கும் ஐந்துக்கும் அத்தகைய எண் ஒன்றே. ஆகவே ஓர் இழை. நான்குக்கும் ஆறுக்கும் இரண்டு. ஆப்பிரிக்காவின் அங்கோலா நாட்டில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து விரலால் இழைக்கும் 'சோனா' என்னும் ஓவியங்களை ஆராய்ந்து, மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பாலஸ் கெர்டஸ் இவ்விதியை விளக்கியிருக்கிறார். காவிரிக் கரைப் பாட்டியின் கைக்கும் அங்கோலா நாட்டுக் கதைசொல்லியின் விரலுக்கும் ஒரே விதி என்று மகள் கூறியபோது பாட்டி வியக்கவில்லை. "புள்ளி எங்க வெச்சாலும் புள்ளிதானே" என்றார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் சுவரொட்டி ஒரு பழைய விதியின் விளக்கமாக முடிந்திருக்கும். மறுநாள் பாட்டி வேறொன்று சொன்னார். நான்குக்கு நான்கை அப்படியே விட்டுவிடுவதில்லையாம். வெட்டும் இடம் ஒன்றில் இழைகள் ஒன்றையொன்று கடக்கவிடாமல் விலக்கி, இரு பக்கமும் வளைத்துவிட்டால், அங்கே சந்தித்த இரண்டு இழைகள் ஒன்றாகிவிடும். "நாலுக்கு நாலுன்னா மூணு எடத்துல விலக்கணும். அஞ்சுக்கு அஞ்சுன்னா நாலு எடம். எந்த எடம்னு பாத்து விலக்கணும். ஒரே இழையில விலக்கினா அது ரெண்டாப் போனாலும் போயிடும்." மகள் சதுரக் கட்டத் தாளில் வரைந்து வரைந்து பார்த்தாள். சரியாகவே வந்தது. தமிழ் கற்பிக்க நாங்கள் செய்த ஏற்பாடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் 'இழை', 'வெட்டு', 'விலக்கு', 'நேர்ப்புள்ளி', 'ஊடுபுள்ளி' என்னும் சொற்கள் அவள் நாவில் ஏறியது இந்த வாரத்தில்தான். அவை இல்லாமல் வேலை நடவாது என்பதால் ஏறின.

இனிச் சுவரொட்டி எழுந்த கதை. அதற்குரிய தாள் ஏ-ஜீரோ என்னும் அளவினது: 841 மில்லிமீட்டர் அகலம், 1189 மில்லிமீட்டர் உயரம், பரப்பு ஒரு சதுர மீட்டர். பார்க்கப் பெரிதாகத் தோன்றினும் எழுதப் புகுந்தால் சிறியது. நான்கைந்து அடி தள்ளி நிற்பவர் படிக்கும் அளவுக்கு எழுத்து இருக்கவேண்டும். நானூறு சொல்லுக்கு மேற்படலாகாது என்பது ஆசிரியர் இட்ட வரம்பு. மகளின் முதல் வரைவு ஆயிரத்து நூறு சொல். அதைக் குறைக்கும் பணி மூன்று வாரம் நீடித்தது.

வீட்டுக்கு வந்த உறவினரும் நண்பரும் ஆளுக்கொரு யோசனை வழங்கினர். கோலம் ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று தொடங்கச் சொன்னார் ஒருவர். குனிந்து நிமிர்வதால் இடுப்புக்கு நல்லது என்பதைச் சேர்க்கச் சொன்னார் இன்னொருவர். எறும்புக்கு உணவிடும் அறத்தைக் கூறாமல் விடலாமா என்று மனம் வருந்தினார் மூன்றாமவர். அனைவரிடமும் எங்கள் மகள் பணிவோடு ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "இதற்கு என்ன சான்று, மாமா?" சான்று இல்லாதது தாளில் ஏறவில்லை. சான்று இருந்தும் கேள்விக்கு வேண்டாததும் ஏறவில்லை. குறைவாகச் சொல்லுதலும் மிகையாகச் சொல்லுதலும் நூலுக்குக் குற்றம் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்ததைப் பள்ளியில் நாங்கள் நெட்டுருச் செய்ததுண்டு. இரண்டும் ஒருங்கே தவிர்க்கப்படுவதை எங்கள் உணவு மேசையில் கண்டோம்.

2019-இல் மைக் மாரிசன் என்னும் அமெரிக்க ஆய்வு மாணவர், சுவரொட்டியின் நடுவில் ஆய்வின் முடிவை எளிய ஒரே வாக்கியமாகப் பெரிய எழுத்தில் பொறிக்கவேண்டும், விவரமெல்லாம் ஓரத்துக்குப் போகட்டும் என்று ஒரு புது முறையை முன்வைத்தார். கடந்து செல்பவர் நில்லாமற் சென்றாலும் ஒன்றையாவது அறிந்து செல்வார் என்பது அவர் கருத்து. மகள் அதையே பின்பற்றினாள். நடுவில் ஒரு வாக்கியம்: நான்கு இழைகளை ஒன்றாக்க மூன்று வெட்டுக்களை விலக்கவேண்டும், மூன்று போதும். அதன் கீழே நான்குக்கு நான்கு கோலம், விலக்குவதற்கு முன்னும் பின்னும். இடப்புறம் விதி; வலப்புறம் நிறுவல்.

பெயர் எழுதும் இடத்தில்தான் சிக்கல் எழுந்தது. சுவரொட்டியின் தலைப்புக்குக் கீழே ஆய்வாளர் பெயர் வரவேண்டும். இரண்டாம் முடிவு பாட்டி தந்தது. ஆகவே பாட்டியின் பெயரும் அங்கே வரவேண்டும் என்றாள் மகள். வகுப்பில் பதிவு பெறாதவர் பெயர் ஆய்வாளர் வரிசையில் வருதல் கூடாது என்பது விதி என்றும், தகவல் தந்தவரைக் கீழே சிறிய எழுத்தில் நன்றியுரையில் குறிப்பதே முறை என்றும் பதில் வந்தது. விதியில் பிழையில்லை. ஆயினும் தகவல் தந்தவர் என்ற சொல் எங்கள் எல்லோரையும் உறுத்தியது. தகவல் என்பது ஊரின் மக்கள்தொகை, இரயில் வண்டியின் நேரம் போன்றது. எந்த இடத்தில் விலக்கினால் எது ஒட்டும் என்பது தகவலா, அறிவா? நாட்டின் எத்தனையோ நெசவாளர், தச்சர், உழவர், மருத்துவச்சியரின் அறிவு இவ்வாறே சிறிய எழுத்தில் நன்றி பெற்றுப் போயிருக்கிறது.

பாட்டியிடமே கேட்டோம். "என் பேர் எதுக்கு? எனக்கு எங்கம்மா சொல்லிக் குடுத்தா, எங்க அத்தை சொல்லிக் குடுத்தா. அவா பேரெல்லாம் போடுவியா?" என்றார். மகள் இரண்டு நாள் யோசித்தாள். இறுதியில் விதியை மீறாமலும் உண்மையை மறைக்காமலும் ஒரு வழி கண்டாள். ஆய்வாளர் வரிசையில் தன் பெயர் மட்டும், ஆனால் இரண்டாம் முடிவின் தலைப்பிலேயே, அதே பெரிய எழுத்தில், "இம்முடிவு என் பாட்டியிடமும் அவருக்குக் கற்பித்த பெண்களிடமும் பெற்றது, நிறுவல் என்னுடையது" என்று ஆங்கிலத்தில் எழுதினாள். 'கோலம்', 'இழை' என்னும் இரண்டு சொற்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கவேண்டும் என்றும் உறுதி செய்தாள்.

அவ்விரண்டு சொற்களும் அச்சுக் கடையில் எங்களைப் படுத்தியபாடு கொஞ்சமன்று. கடைக் கணிப்பொறியின் மென்பொருள் தமிழை அறியவில்லை. 'கோலம்' என்பதன் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் ஓடி, கால் வேறெங்கோ விழுந்து, நடுவில் யாரும் வைக்காத புள்ளி வட்டம் ஒன்றும் முளைத்தது. மூன்று முறை முயன்றபின், வீட்டில் தமிழை எழுதிப் படமாக மாற்றி எடுத்துச் சென்றோம். கடைக்காரர் பீகாரின் தர்பங்காப் பக்கத்தவர். கோலத்தைப் பார்த்துவிட்டு, தம் ஊரில் திருமணத்துக்கு அரைத்த அரிசி மாவால் தரையில் 'அரிபன்' எழுதுவார்கள் என்றும், தம் தாயார் அதில் வல்லவர் என்றும் கூறினார். பிறகு ஒரு குழந்தையைக் கையாளுவதுபோல் அந்தத் தாளைச் சுருட்டித் தந்தார்.

நூலை அவையில் வைத்து அரங்கேற்றுதல் நமக்குப் பழைய வழக்கம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதைப் பாயிரம் பேசுகிறது. அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார் வள்ளுவர். சுவரொட்டி அரங்கேற்றத்துக்கும் அவை உண்டு. ஆனால் அது உட்காராத அவை. ஒருவர் இரண்டு நிமிடம் நிற்பார். மற்றொருவர் நடந்துகொண்டே கேட்பார். கணிதம் அறிந்தவரும் அறியாதவரும் மாறி மாறி வருவர். ஒவ்வொருவருக்கும் வேறொரு தொடக்கம் வேண்டும். மதிப்பெண்ணில் பாதி தாளுக்கு, பாதி விடைகளுக்கு.

ஏப்ரல் மாத வெயிலில், துறையின் நடைக்கூடத்தில் பதினான்கு சுவரொட்டிகள் மாட்டப்பட்டிருந்தன. கடைசி ஒரு மணி நேரம் வீட்டாருக்கும் அனுமதி உண்டு என்பதால் பாட்டியை அழைத்துக்கொண்டு சென்றோம். மகள் சுவரொட்டிக்குக் கீழே சிறு மேசையில் புள்ளி வைத்த அட்டைகளும் எழுதுகோலும் வைத்திருந்தாள். வங்காளத்து மாணவி ஒருத்தி தங்கள் அல்பனாவைப் பற்றிச் சொன்னாள். இராசத்தான் மாணவன் மாண்டனாவைப் பற்றிச் சொன்னான். ஆந்திரத்துப் பிள்ளை "எங்கள் முக்கு" என்றான். கோலத்தை நம் தனிச்சொத்து என்று நிறுவ அங்கே இடமில்லை, தேவையும் இல்லை. நமது இழை எப்படி ஓடுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல மட்டுமே இடம் இருந்தது.

மதிப்பிட வந்த முதிய பேராசிரியர் நெடுநேரம் நின்று படித்தார். முதலில், "அழகாக இருக்கிறது, ஆனால் இது கைவேலை. இதில் கணிதம் எங்கே?" என்றார். மகள் வலப்புறத்து நிறுவலைக் காட்டினாள். ஓரிடத்தில் விலக்கும்போது இழைகளின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் குறையாது. ஆகவே நான்கு ஒன்றாக மூன்று முறையேனும் வேண்டும். வெவ்வேறு இழைகள் வெட்டும் இடத்தில் விலக்கினால் ஒன்று நிச்சயம் குறையும். ஆகவே மூன்று போதும். அவர் தலையசைத்தார். பின் நாற்காலியில் அமர்ந்திருந்த பாட்டியைப் பார்த்து, மூன்று என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று இந்தியில் கேட்டார்.

பாட்டிக்கு இந்தி புரியாது. மகள் குனிந்து அதைத் தமிழில் கேட்டாள். பாட்டி சற்று யோசித்துச் சொன்னார்: "நாலு பேரைச் சேத்து நிக்க வெக்கணும்னா மூணு எடத்துல கை கோக்கணும். இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?" மகள் அதை இந்தியில் சொன்னாள். பேராசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சுவரொட்டியின் வலப்புறத்தைச் சுட்டி, "நீ இருபது வரியில் எழுதியிருப்பதை இவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்" என்றார். ஊடுபுள்ளிக் கோலத்துக்கு விதி என்ன என்ற அவருடைய அடுத்த கேள்விக்கு, "அது இன்னும் செய்யவில்லை, ஐயா" என்று மகள் விடை கூறினாள். அதற்கும் அவர் தலையசைத்தார்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. அதைவிட எங்கள் நினைவில் நிற்பது, இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, பாட்டியின் தமிழைப் பிழையின்றி வாங்கி வேற்று மொழியில் வேற்று மனிதருக்குத் தந்த அந்த அரை நிமிடம். அவ்வளவு காலம் அவ்வீட்டில் இரண்டு மொழிக்கும் நடுவே நின்று பொருள் சொல்லும் பணி எங்களுடையதாக இருந்தது. அன்று எங்களை யாரும் கேட்கவில்லை.

அயல் மண்ணில் வாழும் நாம் மரபைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசுவதில் குறைவு வைப்பதில்லை. விழா எடுக்கிறோம், கோலப் போட்டி நடத்திப் பரிசு வழங்குகிறோம். அவையெல்லாம் வேண்டுவனவே. ஆனால் புகழ்ச்சி ஒரு முதியவரை மௌனமாக்கிவிடுவதும் உண்டு. படத்துக்கு மாலையிடுவதுபோல் இருக்கும்போதே மாலையிட்டு நகர்ந்துவிடுகிறோம். கேள்வி அவரைப் பேசவைக்கிறது. "உங்கள் காலத்தில் எப்படி இருந்தது" என்னும் பொதுக் கேள்விக்கு ஒரு பெருமூச்சுதான் விடை. "எத்தனை புள்ளி வைத்தால் ஒரே இழையில் முடியும்" என்னும் குறிப்பான கேள்விக்கு எழுபது ஆண்டுக் கைப்பழக்கம் விடை சொல்லும். ஊறுகாய்க்கு உப்பு எத்தனை பங்கு, அது ஏன். வேட்டியின் பாவுக்கு எத்தனை நூல். தாலாட்டில் வரும் ஊர்ப்பெயர்கள் எந்த வழித்தடத்தில் உள்ளவை: நம் வீடுகளில் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்விகளுக்கு அளவில்லை. அவற்றைப் பிள்ளைகள் தத்தம் பாடத்துக்காகவே கேட்கட்டும். மதிப்பெண்ணுக்காகவே கேட்டாலும் குற்றமில்லை.

சுவரொட்டி இப்பொழுது சுருட்டப்பட்டு எங்கள் அலமாரியின் மேல் இருக்கிறது. ஊடுபுள்ளிக்கான விதியைப் பாட்டியும் பேத்தியும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்காக வேறூர் சென்றுவிட்ட மகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறாள். "சாப்பிட்டாயா" என்ற கேள்வி முடிந்ததும் பாட்டி தம் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார். பேச்சு முக்கால் மணி நேரம் நடக்கிறது, தமிழில்.